பின்வாசல் மன்றாட்டு

"…சாபமெல்லாம் நான் குடுக்கிறது இல்லம்மா, எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. ஆனா மைக்ல நின்னு, அத்தனை சனத்துக்கு முன்னாடி, என்னைப் பத்திக் கடவுள்கிட்டயே கோள் சொன்னீங்க பாருங்க, அதைத்தான்…"

இதைச் சொன்னவர் எங்கள் பங்குச் சாமியார். சாமியார் பங்களா வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே என் மகள், வயிற்றில் எட்டு மாதம், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான். பிள்ளை அம்மாவுக்குப் பின்னால் ஒளிவதைப் பார்த்திருப்பீர்கள். அன்று நான்தான் என் பிள்ளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது என் தொழில். கை பாட்டுக்கு நூலை முறுக்கிக்கொண்டிருக்கும், வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். புடவை வாங்க வருகிறவர்கள் கட்டி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மனதில் இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். இப்படி உட்கார்ந்தவர்களிடம் படித்ததுதான் அதிகம். ஒருத்தி தன் மாமியாரைப் பற்றிச் சொன்னாள்: "எங்க அத்த கோவம் குக்கர் மாதிரிக்கா. விசில் அடிச்சா பயமில்ல. அடிக்காம உக்காந்துக்கினு இருந்தாத்தான் நான் சமையக்கட்டு பக்கமே போவ மாட்டேன்." சிரித்துக்கொண்டே கேட்டு வைத்தேன். பிற்பாடு அந்தப் பேச்சு எனக்கே வந்து பொருந்தும் என்று அப்போது தெரியாது.

எங்கள் கோயில் இரண்டு தெருக்களுக்கு நடுவில் இருக்கிறது. முகப்பு முன்தெருவைப் பார்த்து. அங்கே கடை வைத்தவர்கள், ஆசிரியர்கள், கவர்ன்மென்ட் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். கோயிலின் முதுகுப் பக்கம் எங்கள் தெரு. எங்கள் அப்பா அம்மா காலம் வரைக்கும் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர்கள் நாங்கள். இப்போது ஆட்டோ ஓட்டுகிறோம், தைக்கிறோம், பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறார்கள். பூசை ஒன்று, நற்கருணை ஒன்று. வாசல்தான் இரண்டு. எங்களுக்கென்று பின்பக்கம் ஒரு சின்ன இரும்புக் கேட். வீட்டிலிருந்து செருப்பைப் போட்டால் மணி அடித்து முடிப்பதற்குள் கோயிலில் இருப்போம்.

இந்தச் சாமியார் தென்மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சுறுசுறுப்பு. வந்ததும் பின்பக்கத்தில் மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு கெபி கட்டினார், சுற்றிலும் ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்தார். எங்கள் தெரு ஆடுகள் கேட் வழியாகப் போய் அதை மேய்ந்துவிட்டன. மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை, சாமியார் கோபித்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் கேட்டில் பூட்டு.

அதற்குப் பிறகு எங்கள் தெருச் சனம் மெயின் ரோடு சுற்றித்தான் கோயிலுக்குப் போக வேண்டியதாயிற்று. பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு திரும்புகிற வளைவு அது. எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தபோது பெட்டியையும் அந்த ரோட்டைச் சுற்றித்தான் தூக்கிக்கொண்டு போனோம். கோயில் கோபுரம் எங்கள் கண்ணெதிரே இருந்தது.

என் பக்கத்து வீட்டுக்காரி, முட்டி வலிக்காரி, சொல்லுவாள்: "ஆடு இன்னும் உள்ள போவுதுடி, செவுத்த எகிறிக் குதிச்சி. நான்தான் எகிற முடியாம ரோட்ட சுத்திக்கினு போறேன். அடுத்த ஜென்மத்துல ஆடா பொறக்கணும். ஆனா நம்ம மதத்துல அதுவும் கெடையாதே!"

அவள்தான் அந்த வளைவில் விழுந்தாள். கம்பெனி பஸ் ஒன்று பக்கமாக வர, ஒதுங்கப் போய், கால் மடங்கி, மணிக்கட்டு உடைந்தது. மாவுக்கட்டோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தவள் சிரிக்கவில்லை. "சாமியாருகிட்ட யாராவது சொன்னா இன்னா?" என்றாள். யாராவது என்றால் நான்தான். தெருவிலேயே வாய் உள்ளவள் நான்.

ஆனால் சாமியாரின் அங்கிக்கு முன்னால் அந்த வாய் செல்லாது. என் அம்மா வயலில் நிற்கும்போது சாமியார் சைக்கிளில் அந்த வழி போனால்கூட, சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு "தோத்திரம் சாமி" என்று குனிவாள். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நிமிர மாட்டாள். "அபிஷேகம் பண்ண கைடி. அவுங்களப் பத்தி மனசுல கூட ஒண்ணும் நெனைக்காத" என்பாள். அந்தக் குனிவு எனக்குள் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் அன்பியத்தின், அதாவது எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுவின், முறை வந்த ஞாயிறு. முறை வருகிற அன்பியத்தார் பூசையில் வாசகம் வாசிக்க வேண்டும், விசுவாசிகள் மன்றாட்டும் சொல்ல வேண்டும். திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளிகளுக்காக என்று அச்சடித்த மன்றாட்டுகள் இருக்கும். கடைசி ஒன்றை மட்டும் நம் ஊர்த் தேவைக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் மழைக்காகச் சொல்வோம். நான் நினைத்தேன்: சாமியாரிடம் சாமியாரைப் பற்றிச் சொன்னால்தானே எதிர்த்துப் பேசுவது? கடவுளிடம் சொன்னால் அது ஜெபம்தானே? ஜெபத்தில் எங்காவது பாவம் இருக்குமா?

மைக் முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்:

"இறைவா, எங்கள் பங்குத் தந்தைக்காக உம்மை மன்றாடுகிறோம். அவர் பின்வாசல் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறார். நடக்க முடியாதவர்களும், உம்மிடம் வந்து சேர்ந்தவர்களின் பெட்டியும் ரோட்டைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. ஆடுகள் மேல் அவருக்கு வந்த கோபம் எங்கள் மேல் திரும்பாமல், அவருடைய மனதையும் அந்தப் பூட்டையும் நீர் திறந்தருள வேண்டுமென்று…"

மன்றாடுகிறோம் என்று நான் முடிக்கவும், கோயில் முழுக்க, முன்தெரு பின்தெரு எல்லாம் சேர்ந்து, வழக்கப்படி, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது.

சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அவர்களுக்கு உறைத்தது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார். சாமியார் பீடத்தில் நின்றபடியே கைகளை விரித்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், மன்றாட்டின் முடிவு ஜெபத்தைச் சொன்னார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. விசில் இல்லாத குக்கர்.

நற்கருணைக்கு வரிசையில் போனேன். நான் எப்போதும் நாக்கில் வாங்குகிறவள். அன்று நாக்கை நீட்டப் பயம். அந்த நாக்குதானே பேசியது. கையை நீட்டினேன். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். அப்பத்தை வாங்கியும் நான் கையை மூடவில்லை. அவரே என் விரல்களைப் பிடித்து மூடிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கடவுளுக்கே மனு குடுத்துட்டியாமே, கலெக்டர் ஆபீஸ் திங்கக்கெழம மாதிரி? தெருவே பேசுது. தோ பாரு, நான் வண்டி முன்னாடி மாதா படத்த நம்பித்தான் ரோட்டுல போறேன். நீ பேசி எனக்கு ஆக்சிடென்ட் வாங்கிக் குடுத்துடாதம்மா." அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து கிளம்பும்போது படத்தை இரண்டு தரம் தொட்டுக் கும்பிட்டார்.

அடுத்த ஞாயிறு மன்றாட்டுகளை, கோயில் வேலைகளில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாரே வாசித்தார். வாசிப்பு முடிந்து என் பக்கமாக வந்து, "இனிமே சொந்தமா சொல்றதா இருந்தா முன்னாடியே சாமிகிட்ட காட்டிடணுமாம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். சாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிரசங்கத்தில் அவர் கீழ்ப்படிதல் என்று ஆரம்பித்தால் நான் முந்தானையை இன்னும் இழுத்துத் தலையை மூடிக்கொள்வேன். அவர் பேசியதோ வேறு ஏதோ கீழ்ப்படிதல்.

இதெல்லாம் எனக்கு வந்த பயம் மட்டும் என்றால் நான் குஞ்சத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் என் மகளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவளுக்கு முதல் கரு தங்கவில்லை, கலைந்துவிட்டது. அதனால் இந்த முறை ஒவ்வொரு ஸ்கேனும் எங்களுக்குத் தீர்ப்பு நாள். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, "பனிக்குடத்துல தண்ணி கொஞ்சம் கம்மியா இருக்கு. ரெஸ்ட் எடுங்க, நிறையத் தண்ணி குடிங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாக்கலாம்" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

அன்று மாலையே சம்பந்தியம்மா போன் செய்தார். மாகறல் பக்கத்துக்காரர், நல்ல மனுஷி, கெட்ட எண்ணம் கிடையாது. "நான் ஒண்ணும் சொல்லல சம்பந்தி. ஆனா எங்க பக்கம் ஒரு வீடு இருக்குது. அந்தக் காலத்துல அந்த வூட்டு ஆளு சாமியார எதுத்துப் பேசிட்டானாம். அவரு செருப்புத் தூசிய அந்த வாசல்ல தட்டிட்டுப் போயிட்டாராம். இப்ப போயி பாருங்க, அந்த வூட்ல வெளக்கேத்த ஆளில்ல."

அந்த வீட்டை எனக்கும் தெரியும். அந்த ஆள் குடித்தே அழிந்தவர் என்பதும் தெரியும், சம்பந்தியம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன? போனை வைத்த பிறகு கதவைத் திறந்து வாசற்படியைப் பார்த்தேன். மண் கிடந்தது. எங்கள் செருப்பு மண்தான். அதைப் பெருக்கித் தள்ளினேன். பெருக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்றும் பார்த்தேன்.

மகள் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "ஸாரி ஒரு வார்த்தம்மா. போயி சொல்லிட்டு வந்துடேன். உனக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது? எனக்கு டென்ஷனா இருக்குதும்மா. கொழந்த அசையுதா அசையுதான்னு கைய வெச்சிக்கினே படுத்துக்கினு இருக்குறேன்."

"நான் சொன்னது பொய்யாடி?"

"பொய்யின்னு யாரு சொன்னது? பூட்டு நெஜம்தான். அதுக்காக எம்புள்ளைய வெச்சா சோதிச்சிப் பாக்கணும்?"

நூலை எடுத்து முறுக்க உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டால், மாவுக்கட்டோடு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரி முகத்தில் எப்படி விழிப்பேன்? கேட்காமல் இருந்து பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? இது பாவமா இல்லையா என்று முதலில் தெரிய வேண்டும். பாவம் என்றால் அதை ஒரு சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். யாரிடம்? எங்கள் பங்கில் பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர் அவர்தானே! "சாமி, உங்களைப் பற்றிப் பேசிய பாவத்தை நீங்களே மன்னியுங்கள்" என்று அவர் காதிலேயே எப்படிச் சொல்வது?

பஸ் ஏறி வேறு ஊர்க் கோயிலுக்குப் போனேன். அங்கே மிகவும் வயதான ஒரு சாமியார், ஓய்வில் இருப்பவர், வலைக்கம்பி அடித்த பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தம். நான் கிசுகிசுக்க, "சத்தமா சொல்லும்மா" என்றார். சத்தமாகச் சொன்னேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி நெருங்கி வருவது கண்ணோரத்தில் தெரிந்தது.

"நீ சொன்னது உள்ளதா, இல்லாததா?"

"உள்ளது சாமி."

"கோவத்துல சொன்னியா?"

"கொஞ்சம்."

"அவரு தலகுனியணும்னு நெனச்சியா?"

நான் முந்தானை நுனியைக் குஞ்சம்போல் முறுக்கினேன். வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்தக் கொஞ்சத்துக்கு மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு. மீதிய நீ இங்க கொண்டாந்திருக்க வேண்டியதே இல்ல. அது பாவமில்ல. நாங்க தப்பு பண்ணா நீங்கதான் சொல்லணும், வேற யாரு சொல்லுவா? ஆனா நேராப் போயிச் சொல்லணும். ஜெபத்துக்குப் பின்னாடி நின்னுக்கினு கல்லு எறியக் கூடாது. போ, அடுத்த ஆள வரச் சொல்லு."

பயம் போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். வேறொரு பயம் மடியில் விழுந்தது. பாவமில்லை என்றால், நேரே போய்ச் சொல்ல வேண்டும்.

மறு ஸ்கேன் அன்று காலை, காலைப் பூசை முடிந்த பிறகு, மகளையும் கூட்டிக்கொண்டு சாமியார் பங்களாவுக்குப் போனேன். அவள் ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்றாள். ஆட்டோவை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, டிபன் முடித்துக்கொண்டு காத்திருப்பதாக என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு அந்த வராந்தாவுக்கு வர இஷ்டமில்லை. ரோட்டைச் சுற்றித்தான் நடந்தோம். வளைவில் மகளை உள்பக்கம் தள்ளிவிட்டு நான் வெளிப்பக்கம் நடந்தேன்.

சாமியார் அங்கியைக் கழற்றிவிட்டுக் கைலியும் டீ-சர்ட்டுமாக இருந்தார். அதைப் பார்த்தால் பயம் குறைய வேண்டும். குறையவில்லை. மகள் என் கையைக் கிள்ளினாள். நான் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னேன்: "மைக்ல சொன்னது தப்பு சாமி, மன்னிச்சிடுங்க. ஆனா சொன்ன விசயம் தப்பில்ல சாமி. எம்மேல கோவம் இருந்தா எம்மேலயே வெச்சிக்கினு, எம்பொண்ணுக்கும் புள்ளைக்கும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. சாபம் கீபம்…"

மகள் திரும்பி என்னை முறைத்தாள். ஸாரி என்று ஒரு வார்த்தை மட்டும் நான் சொல்வேன் என்றுதான் அவள் கூட வந்தாள். நான் மெல்ல அவள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அப்போதுதான் சாமியார் சாபத்தைப் பற்றி நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சைப் பேசினார். "அதைத்தான்" என்று நிறுத்தியவர், நாற்காலியில் நிமிர்ந்து, "அதைத்தான் என்னால மறக்க முடியல" என்றார்.

"நேரா வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"பயம் சாமி."

"என்னையப் பாத்தா?"

"அங்கியப் பாத்து சாமி."

அவர் குனிந்து தன் கைலியைப் பார்த்துக்கொண்டார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஆடு ஒரு சாக்குதாம்மா. செடி போனா வேற செடி வெச்சுக்கலாம். பூட்டினதும் முன்தெருவுல எத்தனை பேரு வந்து நல்லது பண்ணுனீங்க சாமின்னாங்க தெரியுமா? இப்பத் திறந்தா அவங்க எங்களுக்கு மேல இருக்கிற ஆயர்கிட்ட மனுவோட போவாங்க. உங்களுக்கு நான் ஒருத்தன்தான் பயம். எனக்கு…" என்று கையை விரித்தார்.

அதுவரை அவர் ஒருவர் மனம் மாறினால் போதும் என்று இருந்தேன். அவருக்குப் பின்னாலும் ஒரு பயம் உட்கார்ந்திருக்கிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? பூட்டுக்குக் காரணம் ஆடு இல்லை, நாங்கள்தான் என்று அவர் வாயாலேயே கேட்டாகிவிட்டது. அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மகள் முட்டி போட முடியாமல் தலையை மட்டும் குனிந்தாள். சாமியார் எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். வாய்க்குள் ஜெபம் சொன்னார். நான் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வயிற்றில் இருந்த என் பேத்தி இப்போது பக்கத்தில் உட்கார்ந்து என் நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். அன்று ஸ்கேனில் தண்ணீர் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த உதடுகள் என்ன சொல்லின என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜெபம் முடிந்தது. "எதுல வந்தீங்க?" என்றார்.

"நடந்து சாமி. ஆட்டோ எங்க தெருவுல நிக்குது."

அவர் மகளின் வயிற்றைப் பார்த்தார், வெளியே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்ததைக் கேட்டார். உள்ளே போய்ச் சாவிக்கொத்தோடு வந்தார். எங்களுக்கு முன்னால் நடந்தார், கோயிலைச் சுற்றி, கெபியைத் தாண்டி. ரோஜாச் செடிகள் துளிர்த்திருந்தன. பூட்டு துருப்பிடித்துச் சாவிக்கு இணங்காமல் முரண்டு பிடித்தது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து திருகினார். கேட் கிறீச்சிட்டுத் திறந்தது. நான் கண்ணாடி போடவில்லை, இருந்தும் எங்கள் தெரு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி மாவுக்கட்டுக் கையோடு வாசலில் எழுந்து நின்றதுகூடத் தெரிந்தது. மகளை முதலில் விட்டேன், பிறகு நான் கடந்தேன்.

"தோத்திரம் சாமி" என்றேன், குனியாமல்.

அவர் ஒருமுறை முன்தெருப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்டை இழுத்து மூடி, பூட்டைப் போட்டு, அது விழுந்ததா என்று இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.